பருந்து பேட்ஜில் போன 420 யூரோ: ஜெர்மன் போர்க்காலச் சின்னங்கள் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

போன அக்டோபரில், ஜெர்மனியில் நான் வசிக்கும் டோர்ட்முண்டுக்கு அருகே நடந்த ஒரு சேகரிப்பாளர் சந்தையில் 420 யூரோ கொடுத்து இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பாராசூட் வீரர் பேட்ஜ் ஒன்றை வாங்கினேன். அது போலி. பணம் திரும்ப வரவில்லை, இனி வரவும் வராது. இந்த மாதிரிப் பொருள்களைத் தேடி வாங்கும் தமிழர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், ஊரிலிருந்தபடியே இணைய ஏலத்தில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

இதை ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாஜி ஆட்சி மீது எனக்கு வெறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். நான்காவது இந்திய டிவிஷனோடு இத்தாலிக்குப் போய், 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மோன்டே காசினோ மலையடியில் குண்டுமழைக்கு நடுவே பாதை வெட்டிய ஆட்களில் ஒருவர். மார்ச் சண்டையில் எதிரே இருந்தது ஜெர்மனியின் முதலாவது பாராசூட் டிவிஷன். காயம்பட்ட ஒரு ஜெர்மன் பையனைக் கைதியாகத் தூக்கி வந்தபோது, மேலங்கியைக் கழற்றினால் உள்ளே சட்டையில் "பாயுற பருந்து" குத்தியிருந்தது என்று தாத்தா சொல்வார். அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுத்த கதையை நான் சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. தாத்தாவின் பதக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் அந்தப் பருந்தையும் வைக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

அந்தப் பேட்ஜை ஜெர்மன் விமானப்படை 1936 நவம்பர் 5 அன்று ஏற்படுத்தியது. ஒரு பாதி லாரல் இலை, மறுபாதி ஓக் இலை கொண்ட வெள்ளி நிற வளையம், அதன் மேல் கீழ்நோக்கிப் பாயும் தங்க நிறக் கழுகு. கழுகின் கால் நகங்களில் ஸ்வஸ்திகா. வளையமும் கழுகும் தனித்தனித் துண்டுகள். பின்பக்கம் இரண்டு ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் பேட்ஜ்களில் இது ஒன்று. அதனாலேயே அதிகம் போலி செய்யப்படுபவற்றிலும் இது ஒன்று. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

விற்றவருக்கு அறுபது வயது இருக்கும். மரியாதையான பேச்சு. "என் மாமாவின் மேசை இழுப்பறையில் கிடந்தது, வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது" என்றார். கூடவே 1937 தேதியிட்ட ஒரு விருதுச் சான்றிதழ், அதில் வீரரின் பெயர், முத்திரை, கையெழுத்து. பேட்ஜின் பின்பக்கம் எல்/12 என்ற குறி இருந்தது. அது பெர்லினின் சி. இ. யுங்கர் நிறுவனத்தின் எண் என்று நான் படித்திருந்தேன். படித்ததும் எதிரே இருப்பதும் பொருந்திப்போனதில் எனக்கு ஒரே சந்தோஷம். பாதிப் படிப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கழுகின் கால் பகுதியில் வட்டமான காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 86ஏ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். அதனால் சந்தைகளில் இப்படி மறைத்து வைப்பது வழக்கம்தான், தவறில்லை. ஆனால் உருக்கி வார்த்த போலி என்றால் முதலில் பல்லைக் காட்டுவது அந்த நகங்களும் ஸ்வஸ்திகாவும் சேரும் இடம்தான். "சட்டம் அப்படி, வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். வாங்குபவர் தனியாக, மேசைக்குப் பின்னால் வந்து ஸ்டிக்கரை விலக்கிப் பார்க்கக் கேட்கலாம். நேர்மையான வியாபாரிகள் காட்டுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் தயங்கியபோது பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "இது யுங்கர் வேலை, நானே எடுத்திருப்பேன், இன்றைக்குக் கையில் காசில்லை" என்றார். இதைத்தான் நான் இன்று வரை மறக்க முடியாமல் இருக்கிறேன். பிறகு விசாரித்ததில் அவர்கள் இருவரும் ஒரே வண்டியில் வந்து போகிறவர்கள் என்று தெரிந்தது. ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "பழைய பேட்ஜ் ஒன்று, தனிநபர் விற்பனை, திரும்பப் பெறப்படாது" என்று எழுதிக் கொடுத்தார். அதில் "1945-க்கு முந்தையது" என்ற வார்த்தையே இல்லை. அவர் தெரிந்துதான் விட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரித்ததும் மனசு கொஞ்சம் இடறியது. நகங்கள் மழுங்கிய சோப்புத் துண்டுபோல இருந்தன. பழசு, தேய்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக லூடன்ஷைடில் இருக்கும் ஒரு முதிய சேகரிப்பாளரின் தொடர்பு கிடைத்தது. டோர்ட்முண்டிலிருந்து நேர் ரயில் உண்டு. லூடன்ஷைட் என்றாலே பொத்தானும் பதக்கமும்தான். போர்க்காலத்தில் அஸ்மான், டோய்மர், ஷ்டைன்ஹவர் உண்ட் லுக், பெர்க் உண்ட் நோல்ட என்று இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் பல அந்தச் சின்ன ஊரில்தான் இருந்தன. அவரும் ஒரு பதக்கத் தொழிற்சாலையில் அச்சு வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பேட்ஜைக் கையில் வாங்கி ஒரு நொடி எடை பார்த்தார். முகத்திலேயே பதில் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தன்னிடமிருந்த யுங்கர் பேட்ஜைப் பக்கத்தில் வைத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை என் கண்ணில் பிடித்தார். அவருடையதில் சிறகின் ஒவ்வொரு கோடும் கத்தியால் கீறியதுபோல் இருந்தது. எஃகு அச்சுக்குக் கீழே உலோகத் தகட்டை வைத்து டன் கணக்கில் அழுத்தும்போது உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்பும். அதனால்தான் அந்தக் கூர்மை. என்னுடையதில் கோடுகளின் ஓரம் உருண்டிருந்தது, பள்ளங்களில் ஊசிமுனை அளவு குழிகளும் கொப்புளங்களும். உருக்கி ஊற்றும்போது சிக்கிக்கொண்ட காற்று அது. வளையத்தின் விளிம்பில் அரம் போட்டுத் தேய்த்த கோடு நேராக ஓடியது. வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த தழும்பை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்தார். இரண்டையும் அளந்தால் என்னுடையது உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஒரு உண்மையான பேட்ஜிலிருந்து அச்செடுத்து வார்த்தால், ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். பிள்ளை எப்போதும் தாயைவிடச் சின்னதாகத்தான் பிறக்கும் என்றார். எந்தப் பேட்ஜ் என்றாலும் அதே தயாரிப்பாளரின் சரிபார்க்கப்பட்ட பொருளோடு அளவை ஒப்பிட வேண்டும். வேறொரு தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொருவரின் அச்சும் வேறு.

ரிவெட்டைப் பார்க்கச் சொன்னார். உண்மையானதில் தனிக் கம்பி உள்ளே நுழைந்து, தலை அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். சுற்றிலும் மெல்லிய வட்டக் கோடு தெரியும். என்னுடையதில் ரிவெட் தலைகள் வளையத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்ட வெறும் மொட்டுகள். கழுகை உண்மையில் பிடித்திருந்தது பசை. அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கை அடித்தபோது, கழுகுக்கும் வளையத்துக்கும் நடுவே அந்தப் பசை பளிச்சென்று மின்னியது. அதே விளக்கைச் சான்றிதழ் மேல் காட்டினார். 1937 காகிதம் முழுவதும் வெளுத்த சட்டைபோல நீல வெண்மையாக ஒளிர்ந்தது. காகிதத்தில் சேர்க்கும் வெண்மையூட்டி ரசாயனத்தின் வேலை அது. அந்தக் காலக் காகிதத்தில் அது கிடையாது. ஒளிர்ந்தால் போலி என்று சொல்லிவிடலாம், ஒளிராவிட்டால் உண்மை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதே, பழைய வெற்றுக் காகிதத்தைத் தேடிப்பிடித்து அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்றார்.

கடைசியாக அந்த எல்/12. இதில்தான் எனக்கு ரொம்ப வலித்தது, ஏனென்றால் அந்தக் குறியை நம்பித்தான் வாங்கினேன். எல் எழுத்தோடு வரும் எண்கள் ஜெர்மன் பதக்கத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு கடை விற்பனைக்காகக் கொடுத்தவை. அவை 1941 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1937-இல் வழங்கிய பேட்ஜில் அந்தக் குறி எப்படி இருக்கும்? வீரர்கள் பிற்பாடு சொந்தக் காசில் இன்னொன்று வாங்கிக்கொள்வது உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவரே நியாயமாகச் சொன்னார். ஆனால் குறியின் எழுத்துகளே ஓரம் மழுங்கி, பள்ளத்தில் குழியோடு இருந்தன. அடித்துப் பதித்த குறி இல்லை, வார்ப்பிலேயே வந்தது. தயாரிப்பாளர் எண்களின் பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கிறது. போலி செய்பவருக்கும் கிடைக்கிறது.

அடுத்த மாதச் சந்தையில் விற்றவரைப் போய்ப் பார்த்தேன். முதலில் என்னைத் தெரியாததுபோல் பேசினார். பிறகு "தனிநபர் விற்பனை, சீட்டில் எழுதியிருக்கிறதே" என்றார். தெரிந்தே குறையை மறைத்து விற்றிருந்தால் அந்த நிபந்தனை செல்லாது என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது. ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும். சீட்டில் காலம் எழுதவில்லை, ரொக்கம், சாட்சி என்று பார்த்தால் அவருடைய கூட்டாளி மட்டும். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் எழுதிக்கொண்டார்கள். சில வாரத்தில் போதுமான ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கையில் எதுவுமில்லாமல் போனது நான்.

லூடன்ஷைட் பெரியவர் சொன்ன வேறு இரண்டு வலைகளையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜெர்மனி 1957 ஜூலையில் கொண்டுவந்த சட்டப்படி, முன்னாள் வீரர்கள் போர்க்காலச் சின்னங்களை ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் அணியலாம். அதற்காகப் புதிதாக அச்சடித்தவை ஏராளம். அவை போலி அல்ல, 1957 வடிவம் என்று சொல்லி விற்றால் நேர்மையான பொருள்தான், விலையும் குறைவு. ஆனால் "போருக்குப் பிறகு வீரரே ஸ்வஸ்திகாவை அரத்தால் தேய்த்துவிட்டார்" என்று கதை சொல்லி அதையே போர்க்கால விலைக்குத் தள்ளுகிறார்கள். உண்மையிலேயே தேய்த்ததில் அரத்தின் தழும்பு இருக்கும்.

இன்னொன்று இந்தியர்களுக்கு நேரடியாக வரும் வலை. சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது, 1942-இல் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்தது வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம். அந்த நிறுவனம் போருக்குப் பிறகும் பல பதக்கங்களைச் சேகரிப்பாளர்களுக்காகத் திரும்பத் திரும்ப அச்சடித்தது. அதனால் லூப்பில் பார்த்தால் கோடுகள் கூர்மையாகத்தான் இருக்கும், வார்ப்புக் குழிகள் இருக்காது. "நேதாஜி கையால் கொடுத்தது" என்று யாராவது காட்டினால், அச்சு வேலையின் கூர்மையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஊசியின் அமைப்பு, கொக்கி, முலாம், நாடாவின் நூல் எல்லாவற்றையும் விஷயம் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நான் இப்போது லூப், காலிப்பர், சின்ன புற ஊதா டார்ச் இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை. ஸ்டிக்கரை விலக்கிக் காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுகிறேன். "ஒரிஜினல், 1945-க்கு முன் செய்தது, இல்லையென்றால் பணம் திரும்பத் தரப்படும்" என்று பெயர் முகவரியோடு எழுதித் தரக் கேட்கிறேன். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் மாறுகிறது, சிலர் உடனே பேனாவை எடுக்கிறார்கள். இரும்புச் சிலுவை பார்க்கிறவர்கள் காந்தமும் கொண்டு போகலாம், அதன் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்பு. காந்தம் பிடிக்காத உண்மையான சிலுவைகளும் சில உண்டு, ஆகவே அது ஒரு குறிப்பு மட்டும்தான். பாராசூட் பேட்ஜுக்குக் காந்தம் உதவாது, அது இரும்பில் செய்தது இல்லை.

பிப்ரவரியில் அதே சந்தைக்கு மறுபடி போனேன். அதே ஆள், வேறு மூலை. மேசையில் இந்த முறை விமானி பேட்ஜ். பக்கத்தில் ஒரு சான்றிதழ். அருகே போய்ப் படித்தேன், கைபேசியில் படமும் எடுத்தேன். என்னிடம் இருக்கும் காகிதத்தில் உள்ள அதே வீரரின் பெயர், அதே கையெழுத்து, அதே இடத்தில் அதே முத்திரை. ஒரு இளம் தம்பதி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கைபேசியில் இருந்த என் சான்றிதழின் படத்தை அவர்களிடம் காட்டினேன். அவர்கள் எதுவும் பேசாமல் விலகிப் போனார்கள். சந்தை நடத்துபவர்களிடமும் இரண்டு படங்களையும் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது புகாரை மறுபடி திறக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இரண்டு காகிதம் இருக்கிறது, போன முறை ஒன்றுதான் இருந்தது.

பேட்ஜை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தேன். தூக்கிப் போட்டால் யாராவது எடுத்து விற்பார்கள். நகை வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்து, பின்பக்கம் எல்/12-க்கு மேலேயே "நகல்" என்று ஜெர்மன் மொழியில் ஆழமாக வெட்டச் சொன்னேன். புகார் முடியும் வரை அதைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு பொறுக்கச் சொன்னார், அவர் சொன்னதும் சரிதான். இப்போதைக்கு ஒரு உறையில் போட்டு, மேலே "போலி" என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி வைத்திருக்கிறேன். தாத்தாவின் பதக்கங்கள் இருக்கும் பெட்டியில் அதை வைக்கவில்லை.