பழைய மைக்ரோமீட்டர்: நாமே சரிசெய்வதா, லேபுக்கு அனுப்புவதா, புதிது வாங்குவதா?

யாரோ பயன்படுத்திய 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் (திருகைச் சுற்றி, பாகங்களின் தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஸ்பின்டில் (திருகோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் தண்டு) இறுக்கமாகச் சுற்றுகிறது, மூடினால் ஜீரோ காட்டவில்லை. இதற்கு எந்த வழி சரி என்பதைக் கருவியின் வயது தீர்மானிப்பதில்லை. உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெயும் தூசியும்தான் காரணம். இதற்கு லேப் (அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகம்) தேவையில்லை. ஸ்பின்டிலை முழுவதும் வெளியே எடுத்து, திருகையும் நட்டையும் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். ஜீரோவும் அப்படித்தான். பாகத்தைக் கவ்வும் இரு முகங்களுக்கும் நடுவே சுத்தமான காகிதத்தை மெதுவாகக் கவ்வ வைத்து இழுத்துத் துடைத்துவிட்டு, ராட்செட்டால் (ஒரே அளவு அழுத்தம் தரும் முனைக் குமிழால்) மூடிப் பாருங்கள். பல நேரம் பிழை அந்தத் துடைப்பிலேயே குறைந்துவிடும். மிச்சம் 0.01 மி.மீ.க்குள் என்றால் கொக்கி ஸ்பானரால் ஸ்லீவை (மி.மீ. கோடுகள் உள்ள, சுற்றாத குழாயை) திருப்பலாம். அதற்கு மேல் என்றால் திம்பிளை (ஸ்லீவின் மேல் நாம் சுற்றும் உறையை) தளர்த்தி இடம் மாற்ற வேண்டும். திருகில் ஆட்டம் இருந்தால், திம்பிளுக்குள் இருக்கும் கூம்பு நட்டைத் துளித்துளியாக இறுக்கலாம்.

சரி, ஜீரோ வந்துவிட்டது. வேலை முடிந்ததா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே அளவுள்ள பாகத்தையே ஆண்டுக்கணக்கில் அளந்த கருவியில் திருகு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். ஜீரோவில் அது தெரியவே தெரியாது. ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவு தெரிந்த எஃகுக் கட்டை) வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதிலும் 5, 10, 15, 20 என்று முழு எண்களாக வைத்துப் பயனில்லை. திருகின் புரியிடைவு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ. என்பதால் அந்த அளவுகள் எல்லாவற்றிலும் திம்பிள் ஒரே கோணத்தில்தான் வந்து நிற்கும். 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று போகும் வரிசை இதற்காகவே வந்தது. ஒவ்வொரு அளவிலும் திம்பிள் வேறு கோணத்தில் நிற்பதால், ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழையும் வெளியே வரும்.

இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், நம்பகமான ஸ்லிப் கேஜ் கையில் இருந்தால். கருவியையும் கேஜையும் சில மணி நேரம் ஒரே மேசையில் விட்டுவைத்து, கைச்சூடு ஏறாமல் பிடித்து அளக்க வேண்டும். 10 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 25 மி.மீ. எஃகு ஏறத்தாழ 3 மைக்ரான் (0.003 மி.மீ.) நீளும். நாம் தேடுகிற பிழையே அந்த அளவுதான்.

முகங்களின் தட்டைத்தன்மை விஷயத்தில் லேபின் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஆப்டிகல் ஃபிளாட்டை (மிகத் தட்டையாக மெருகிட்ட கண்ணாடி வில்லையை) முகத்தின் மேல் வைத்து ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் பட்டைகள் தெரியும். ஒரு பட்டை என்றால் ஏறத்தாழ 0.3 மைக்ரான் உயர வித்தியாசம். முகம் குழிந்திருந்தால் லேப்பிங் (நுண்பொடியால் தேய்த்துத் தட்டையாக்குவது) செய்ய வேண்டும். உப்புத்தாளை நடுவில் வைத்துத் தேய்த்து அதை நாமே செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், முகங்களின் இணைத்தன்மை போய்விடும்.

ஆனால் லேபுக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகித் திரும்பி வரும் என்றும் நினைக்கக் கூடாது. கேலிபிரேஷன் என்றால் எந்த அளவில் எவ்வளவு பிழை என்று ஒப்பிட்டுச் சொல்வது, அவ்வளவுதான். பழுது நீக்குவது தனி வேலை, அதைச் செய்யாத லேப்களும் உண்டு. அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அளவுகளை வாடிக்கையாளரிடம் நிரூபிக்க வேண்டியவருக்கு ஐஎஸ்ஓ 17025 (சோதனை லேப்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரமுள்ள லேபின் சான்றிதழ்தான் பாதுகாப்பான வழி. பொழுதுபோக்குக்குக் கடைசல் பிடிப்பவருக்கு அது தேவையில்லாத செலவு.

திருகு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஃபிரேம் வளைந்திருந்தாலோ, கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முகம் உடைந்திருந்தாலோ புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தேய்ந்த இடத்துக்காக நட்டை இறுக்கினால் தேயாத இடத்தில் சிக்கிக்கொள்ளும். அப்புறம், மலிவான டிஜிட்டல் மைக்ரோமீட்டர் 0.001 வரை காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். திரையில் கடைசி இலக்கம் தெரிவது வேறு, அது சரியாக இருப்பது வேறு. நல்ல நிலையில் உள்ள பழைய கருவி அதைவிட மேல்.

கருவி ஏற்கெனவே உங்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் அளந்த பாகங்கள் மேல் இப்போது சந்தேகம் என்றால் மட்டும் வரிசை மாறும். ஸ்பானரைத் தொடாமல் அப்படியே லேபுக்கு அனுப்புங்கள். சரிசெய்துவிட்டால் முன்பு அது எவ்வளவு தவறாகக் காட்டியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.