கிளைம்பர் ஸ்டாண்டா, ஸ்டிக்கா? மரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வில் வேட்டை அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. நவம்பர் 15-ல் துப்பாக்கி சீசன் வந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஆறு வாரம்தான் எனக்கு வருடத்தின் நல்ல பகுதி. மரத்தில் ஏறி உட்கார்ந்துதான் மானுக்குக் காத்திருப்பேன். முதல் ஐந்து சீசன் கிளைம்பர் ஸ்டாண்டில் ஏறினேன். கடைசி மூன்று சீசனாக கிளைம்பிங் ஸ்டிக். வேட்டைக்குப் புதிதாக வருகிற நண்பர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால் ஸ்டிக் என்றுதான் சொல்கிறேன். கிளைம்பரே நல்லது என்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். கிளைம்பர் இரண்டு துண்டாக இருக்கும். மேல் துண்டு இருக்கை, கீழ் துண்டு கால் வைக்கும் தட்டு. இரண்டிலிருந்தும் ஒரு கேபிள் மரத்தைச் சுற்றி வரும். உட்கார்ந்துகொண்டு தட்டைக் காலால் மேலே இழுத்து, எழுந்து நின்று இருக்கையைக் கையால் தூக்கி, கம்பளிப்புழு போல ஏற வேண்டும். ஸ்டிக் என்பது ஒன்றரை அடியிலிருந்து இரண்டே முக்கால் அடி வரை நீளமுள்ள, படி வைத்த அலுமினியத் தண்டு. ஒன்றைக் கட்டி, அதில் ஏறி நின்று அடுத்ததைக் கட்டி, இப்படி மூன்று நான்கு ஸ்டிக்கில் மேலே போய், அங்கே தனியாக ஒரு சின்னப் பரணை மாட்டிக்கொள்வோம். ஹேங்-ஆன் ஸ்டாண்ட் என்பார்கள்.

மரத்தில் ஏற வேறு வழிகளும் உண்டு. ஏணி ஸ்டாண்ட் சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. மரத்தில் திருகி ஏற்றும் படிகளை மிச்சிகன் பொது நிலத்தில் பயன்படுத்தக் கூடாது, பட்டையைத் துளைத்து உள்ளே போகும் எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. ஆக, பொது நிலத்தில் வேட்டையாடுபவனுக்கு மிச்சமிருப்பது இந்த இரண்டும்தான்.

எடைக்காக ஸ்டிக்குக்கு மாற வேண்டாம். கிளைம்பர் சுமார் 20 பவுண்டு. நான்கு ஸ்டிக்கும் பரணும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே எடை வந்துவிடும். காசு ஸ்டிக் பக்கம்தான் கூடுதலாகச் செலவாகும். உட்கார்ந்திருக்கும் சுகத்தில் கிளைம்பரை எதுவும் அடிக்க முடியாது, அகலமான இருக்கை, கை வைக்கக் கம்பி. முழு நாளும் உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என்னை மாற்றியது மரம்.

நான் போவது வாட்டர்லூ வனப்பகுதிக்கு. 20,000 ஏக்கருக்கு மேல் பொது நிலம். பனிப்பாறைகள் விட்டுப்போன மேடுகள், மேடுகளுக்கு நடுவே சதுப்பு. ஒரு மேட்டின் காலடியில், சதுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஓக் மரம் நிற்கிறது. அக்டோபரில் அதன் கொட்டை விழத் தொடங்கினால் மான் வேறு எங்கும் நிற்காது. மூன்று தடங்கள் அந்த ஓக்கின் அடியில் வந்து சேர்கின்றன. ஆனால் மரம் சாய்ந்து வளர்ந்தது. ஏழு அடியில் முதல் கிளை, பதினைந்து அடிக்கு மேல் இரண்டாகப் பிரிகிறது. கிளைம்பருக்கு நேரான, கிளையில்லாத, அளவான பருமன் உள்ள மரம் வேண்டும். சுற்றிலும் தேடினால் அறுபது கஜம் தள்ளி ஒரு ஆஸ்பென்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் அதில் ஏறினேன். இரண்டு மாலை, கொம்பில் எட்டு முனை உள்ள ஒரே ஆண்மான் அந்த ஓக்கின் அடியில் நின்று கொட்டை மென்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நம்பிக்கையான தூரம் 25 கஜம். அதற்கு மேல் அம்பு விட மாட்டேன்.

அப்போதுதான் புரிந்தது, ஐந்து வருடமாக நான் மான் வரும் இடத்தில் உட்காரவில்லை, ஸ்டாண்ட் ஏறும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. மான் தடத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானோ முதலில் கம்பம் போன்ற மரத்தைத் தேடிவிட்டு, அதன் பக்கம் மான் வராதா என்று காத்திருந்தேன்.

கிளை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நவம்பர் முதல் வாரம், ஆண்மான்கள் பெண்மானைத் தேடி அலையும் நேரம், இலை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். கிளையில்லாத மரத்தில் இருப்பவன் வெறும் வானத்தின் முன்னால் தனியாகத் தெரிவான். மறையவேண்டும் என்று இன்னும் மேலே, 25 அடி, 30 அடி என்று போவான். உயரம் கூடக் கூட அம்பின் கோணம் செங்குத்தாகும். 30 அடியிலிருந்து பத்து கஜத்தில் நிற்கும் மானை எய்தால் ஏறக்குறைய 45 டிகிரி. அந்தக் கோணத்தில் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகலாம். அந்த மான் வெகுதூரம் ஓடும், கிடைக்காமலும் போகும். இதை விட மனதைப் பாரமாக்குவது வேட்டையில் வேறு இல்லை. அந்த ஓக்கில் 16 அடியில், முதுகுக்குப் பின்னால் ஒரு கவையும் இரண்டு பக்கமும் கிளையுமாக உட்கார்ந்தால், ஆஸ்பெனில் 25 அடியில் இருந்ததை விட நன்றாக மறைந்திருக்கிறேன். கோணமும் இதமாக இருக்கிறது.

எத்தனை ஸ்டிக் வேண்டும் என்று கேட்பார்கள். 20 அங்குல ஸ்டிக் நான்கு, தரையிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் இடையிலும் இரண்டு அடி இடைவெளி விட்டுக் கட்டினால் கடைசிப் படி 14-15 அடியில் இருக்கும். 32 அங்குல ஸ்டிக் என்றால் 18-19 அடி. பரணை அந்தக் கடைசிப் படியை விடக் கொஞ்சம் தாழ்வாக மாட்ட வேண்டும், படியிலிருந்து பரணுக்குக் கீழே இறங்கிக் கால் வைப்பதற்காக. பரணுக்கு மேல்நோக்கித் தாவும் அந்த ஒரு எட்டில்தான் பலர் விழுகிறார்கள். உயரம் போதவில்லை என்றால் ஸ்டிக்கின் கீழ்ப்படியில் ஒரு வார் வளையம் தொங்கவிடலாம், ஸ்டிக்குக்கு ஒன்றரை இரண்டு அடி கிடைக்கும். நான் முதல் ஸ்டிக்கில் மட்டும் போடுகிறேன். மேலே ஆடும் வளையத்தில் கால் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

ஸ்டிக்கைக் கட்டுவதில் ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும். வாரை இறுக்கிய பிறகு, இரண்டு கையாலும் ஸ்டிக்கைக் கீழ்நோக்கி ஓங்கி ஓர் அழுத்து. அப்போது மரத்தைத் தொடும் பற்கள் பட்டையைக் கவ்வுவது கையிலேயே தெரியும். தெரியவில்லை என்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள், ஏறாதீர்கள்.

சத்தம்தான் ஸ்டிக்கின் குறை. அலுமினியம் அலுமினியத்தில் பட்டால் விடியற்காலைக் குளிரில் மணி அடித்தது போலக் கேட்கும். படியிலும் கொக்கியிலும் துணி டேப் சுற்றினேன், பாதிக்கு மேல் அடங்கியது. கிளைம்பர் வேறு விதத்தில் சத்தம் போடும். பட்டை உரியும் ஷாக்பார்க் ஹிக்கரி மரத்தில் ஏறினால் கரகரவென்று சீவிக்கொண்டே போகும். விரல் மரத்துப்போன நேரத்தில் நான்கு வாரை இழுத்துக் கட்டுவது கஷ்டம் என்பதும் உண்மை. இருட்டில் நேரான மரத்தில் ஏற கிளைம்பருக்கு ஐந்தாறு நிமிடம் போதும், எனக்கு ஸ்டிக்கில் பதினைந்து நிமிடம் ஆகிறது. அதனால் அலாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு? இரண்டிலும் தரையை விட்டு முதல் கால் எடுக்கும்போதே ஹார்னஸும் (உடலில் மாட்டும் பாதுகாப்பு வார்), அதிலிருந்து மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறும் இருக்க வேண்டும். கிளைம்பரின் நாலாவது சீசனில், பனி படிந்த ஒரு பீச் (beech) மரத்தில் இறங்கும்போது என் கால் தட்டு ஓர் அடி சறுக்கியது. பீச்சின் பட்டை வழவழப்பானது, பற்கள் பிடிக்கவில்லை. கயிறு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று கைநடுக்கம் நிற்கக் காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கில் கிளை குறுக்கே வரும்போது இடுப்புக் கயிற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். அங்கேதான் ஆபத்து. இரண்டு கயிறு கொண்டு போங்கள். கிளைக்கு மேலே இரண்டாவதைக் கட்டிய பிறகே கீழே உள்ளதை அவிழ்க்க வேண்டும். மேலே போன பிறகு வில்லைத் தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம்.

பரணையே விட்டுவிட்டு, இடுப்பு வாரில் சாய்ந்து தொங்கும் சாடில் முறை இப்போது வேகமாகப் பரவுகிறது. ஸ்டிக் வைத்திருந்தால் அதற்கு மாறுவதும் எளிது. நண்பருடையதை வாங்கி இரண்டு மாலை மட்டும் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது, எடை குறைந்தது நன்றாக இருந்தது. இரண்டு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் கிளைம்பரை நான் விற்கவில்லை. 1930-களில் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு வேலைத் திட்டத்தின் இளைஞர்கள் மிச்சிகன் முழுக்க வரிசை வரிசையாக நட்ட பைன் தோப்புகள் இன்னும் இருக்கின்றன. சிவப்புப் பைன் அடிமரம் கோடு கிழித்தது போல நேராக, கிளை இல்லாமல் போகும். அப்படி ஒரு தோப்பின் ஓரம்தான் உங்கள் இடம் என்றால், கிளைம்பர் போதும், ஸ்டிக்குக்குக் காசு போட வேண்டாம்.

மற்றபடி ஸ்டிக் வாங்குங்கள். வாங்கியதும் காட்டுக்கு எடுத்துப் போகாமல், செப்டம்பர் முழுக்க வீட்டுக்குப் பின்னால் உள்ள மேப்பிள் மரத்தில், இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். அப்புறம் அதையே கண்ணை மூடிக்கொண்டு. உங்கள் பெயரையும் முகவரியையும் கீழிருந்து படிக்கும்படி பரணில் எழுத மறக்காதீர்கள், பொது நிலத்தில் அது சட்டம்.