பனிக்காட்டில் மான் பிழைக்க எது வழி: தீவனமா, ஊசியிலைக் காடா, வேட்டைக் கணக்கா?

2013-14 குளிர்காலத்தில் வட அமெரிக்கப் பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் உறைந்து கிடந்தது. சுப்பீரியர் ஏரியை ஒட்டிய மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் வடகாடுகளில் வெள்ளைவால் மான்களுக்கு அது பேரிழப்பு. அதற்கு முன் 1995-96, 1996-97 என்று இரண்டு கொடிய குளிர்காலங்கள் அடுத்தடுத்து வந்து போயிருந்தன. இப்படி ஒரு குளிர்காலம் வரும்போதெல்லாம் அங்கே அதே வாக்குவாதம் கிளம்பும். தீவனம் கொட்டுங்கள் என்பார்கள் சிலர். மான் ஒதுங்கும் சீடர் (cedar) என்ற ஊசியிலை மரக் காட்டை வெட்டாமல் விடுங்கள் என்பார்கள் வேறு சிலர். பெண்மான் வேட்டையை நிறுத்தினால் போதும் என்று மூன்றாவது கூட்டம் சொல்லும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியிலைக் காட்டைக் காப்பதும், குளிர்காலத்துக்குள் நுழையும் மான்களின் எண்ணிக்கையைக் கவனிப்பதும் சேர்ந்தால்தான் பலன். தீவனம் இவை இரண்டுக்கும் மாற்று இல்லை. ஏன் என்று புரிய, மான் எதனால் சாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொல்வது குளிர் மட்டும் அல்ல

வெள்ளைவால் மானின் குளிர்கால உடுப்பு அருமையானது. வெளிமுடி ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்தது. அடியில் மெல்லிய அடர்ந்த ரோமம். இலையுதிர்காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. டிசம்பர் வந்ததும் தானாகவே குறைவாகத் தின்கிறது, குறைவாக நடக்கிறது. நல்ல தீவனத்தை முன்னால் வைத்தாலும் குளிர்காலத்தில் அதன் பசி குறைவுதான். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த பிறகும் வசந்தத்தைப் பார்க்கக்கூடிய விலங்கு அது.

அதன் கணக்கைக் குலைப்பது ஆழமான பனி. பனி நெஞ்சளவுக்கு ஏறிவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் கொழுப்பு கரைகிறது. கிளைநுனிகளைத் தேடி நடக்கும் செலவு, அவற்றைத் தின்று கிடைக்கும் வரவைவிடப் பெரிதாகிவிடுகிறது.

விஸ்கான்சின் மாநிலம் இதை ஓர் எளிய குறியீட்டால் அளக்கிறது. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தரையில் 18 அங்குலம் (சுமார் 46 செ.மீ.) அல்லது அதற்கு மேல் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வெப்பநிலை பூஜ்யம் ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ், அல்லது அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் 50-க்குக் கீழ் என்றால் மென்மையான குளிர்காலம், 100-ஐத் தொட்டால் மிகக் கடுமை. மின்னசோட்டாவில் பனியின் அளவுகோல் 15 அங்குலம். கணக்கு நவம்பரிலேயே தொடங்கி மே வரை போகும். 180-ஐத் தாண்டினால் கடுமை. இதனால் இரு மாநிலங்களின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இந்த அளவீடுகளுக்கெல்லாம் முன்னோடியாக 1968-இல் ஒரு குறியீட்டை வெளியிட்டவர் லூயிஸ் வெர்மி. மிச்சிகனின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில் ஷிங்கிள்டன் ஊரருகே இருந்த குசினோ ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். காற்றின் குளிர் உடம்பிலிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சும் என்பதை அளக்க ஒரு கருவி, மான் பனியில் எவ்வளவு ஆழம் புதையும் என்பதை அளக்க இன்னொன்று என இரண்டையும் பயன்படுத்தினார். இன்றைய புள்ளிக் கணக்கைவிட அது நுட்பமானது. நெகிழ்ந்த பனியும் மேலே ஓடு கட்டிய பனியும் மானுக்கு ஒன்றல்ல. அதேபோல, 100 புள்ளி எடுத்து மார்ச்சில் முடியும் குளிர்காலமும், அதே 100 புள்ளியோடு ஏப்ரல் கடைசிவரை இழுக்கும் குளிர்காலமும் ஒன்றல்ல. மான்கள் பெரும்பாலும் சாவது ஜனவரியின் உறைபனியில் அல்ல. மார்ச், ஏப்ரலில், கையிருப்புக் கொழுப்பு தீர்ந்த பிறகு. இறந்த மானின் தொடையெலும்பை உடைத்துப் பார்ப்பார்கள். மஜ்ஜை வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் வேறு காரணம். சிவந்து கூழாகக் குழைந்திருந்தால் பட்டினி.

முதலில் போவது முந்தைய வசந்தத்தில் பிறந்த குட்டிகள். வளர்ச்சிக்கே உணவெல்லாம் செலவாகிவிடுவதால் அவற்றிடம் கொழுப்பு குறைவு, காலும் குட்டை. அடுத்து, இணைசேரும் காலத்தில் அலைந்து இளைத்த ஆண்மான்கள். கடைசியில்தான் வளர்ந்த பெண்மான்கள். ஆனால் தாய் பிழைத்தாலும் இழப்பு முடிவதில்லை. குளிர்காலமும் வசந்தமும் அரைவயிறாகக் கிடந்த தாய்களின் குட்டிகளில் பத்தில் ஒன்பது போல பிறந்த சில நாளிலேயே இறந்ததையும், நன்றாகத் தின்ற தாய்களின் குட்டிகளில் பத்தில் ஒன்றுகூட இறக்கவில்லை என்பதையும் வெர்மி அடைப்பில் வளர்த்த மான்களை வைத்துக் காட்டினார்.

தீவனம்: கருணையும் அதன் விலையும்

தீவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வெர்மியின் அந்தக் கணக்கே அதற்குச் சாட்சி. குசினோவில் வெர்மியும் சக ஆய்வாளர் ஜான் ஓசோகாவும் 1972 முதல் சுமார் ஒரு சதுர மைல் வேலிக்குள் இருந்த மான்களுக்குச் சத்துச் சமன் செய்த தீவன உருண்டைகளை வேண்டிய அளவு கொடுத்தார்கள். மான்கள் செழித்தன, சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகின. ஆக, தீவனம் மானைக் காப்பாற்றுமா என்று கேட்டால் காப்பாற்றும். சரியான தீவனம், தட்டுப்பாடில்லாமல், பட்டினி வரும் முன்பே தொடங்கி, பசுமை திரும்பும்வரை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் காட்டில் நடப்பது வேறு. பிப்ரவரி கடைசியில் எலும்பு தெரியும் மானைப் பார்த்த பிறகுதான் மனசு கேட்காமல் ஒருவர் மக்காச்சோள மூட்டையைப் பிரிக்கிறார். மான் அசைபோடும் விலங்கு. அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நேரத்தில் கிளைநுனிக்கும் மரப்பட்டைக்கும் பழகிப்போயிருக்கும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாக அள்ளி வைக்கும் பொங்கலைத் தின்று மாடு வயிறு உப்பிச் சரிவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மாவுச்சத்து திடீரென்று நிறைய இறங்கினால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். புது உணவுக்கு நுண்ணுயிர்கள் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் வயிறு நிறைந்த நிலையிலேயே மான் செத்துப்போகும். 2015-இல் நியூ ஹாம்ப்ஷயரின் சவுத் ஹாம்ப்டனில் தீவனம் வைத்த இடத்துக்கு அருகே 12 மான்கள் ஒன்றாக இறந்து கிடந்ததற்குக் காரணம் இப்படித் திடீரென மாறிய உணவுதான்.

சரி, உருண்டைத் தீவனம் வைத்தால்? செரிமானச் சிக்கல் குறையும், மற்றவை குறையாது. குவியலில் முதலில் தின்பது வலுத்த மான். குட்டி ஓரத்தில் நிற்கும். அதாவது யாருக்காக வைத்தோமோ அதற்குக் கடைசியில்தான் கிடைக்கும். வழக்கமாகக் குளிர்கால ஒதுங்கிடம் தேடிப் போகும் மான்கள் போகாமல் குவியலருகே தங்கிவிடும். தீவனம் வைக்கும் வீடுகள் சாலையோரம் இருப்பதால் வண்டியில் அடிபடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நோய். மூளையை அரிக்கும் நாட்பட்ட மெலிவு நோய் விஸ்கான்சினில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது; மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்கு 2018-இல் வந்துவிட்டது. எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் இதற்கு மருந்து கிடையாது. நோயைக் கடத்தும் புரதம் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். ஒரே குவியலில் இருபது மூக்குகள் சேர்வது இதற்கு வாசல் திறந்துவிடுவதுதான். மிச்சிகனின் கீழ்ப் பாதியில், அல்பீனா வட்டாரத்தில், மான்களிடையே மாட்டுக் காசநோய் 1990களில் வேரூன்றியதற்கும் தீவனக் குவியல்கள் ஒரு முக்கியக் காரணம்.

மின்னசோட்டாவில் மான்வேட்டை உரிமம் ஒவ்வொன்றிலிருந்தும் 50 சென்ட் அவசரத் தீவனத்துக்கும் மான் நோய்த் தடுப்புக்குமான நிதியில் சேரும்படி ஏற்பாடு இருந்தது. 2014-இல் வேட்டைக்காரர் சங்கத்தின் வற்புறுத்தலால் அதிலிருந்து பணம் தீவனத்துக்குப் போனது. தன்னார்வலர்கள் பனியில் உழைத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் காட்டில் அவர்கள் எட்டியது சாலையிலிருந்து போகக்கூடிய இடங்களை மட்டுமே.

ஊசியிலைக் காடு: செலவைக் குறைக்கும் வழி

தீவனம் வரவைக் கூட்டப் பார்க்கிறது. ஊசியிலைக் காடு செலவைக் குறைக்கிறது. குளிர்காலத்தில் மானின் உடம்பே இரண்டாவது வழியில்தான் போகிறது என்பதால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

வடக்கு வெள்ளைச் சீடர், ஹெம்லாக், பால்சம் ஃபிர், ஸ்புரூஸ் ஆகியவை முதிர்ந்து நெருங்கி நிற்கும் இடங்களை அங்கே டீர் யார்டு என்பார்கள். கிளைகள் பனியை மேலேயே தாங்கிக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதி தரைக்கு வராமலே ஆவியாகிவிடும். வெளியே இடுப்பளவு பனி இருக்கும்போது உள்ளே முழங்காலளவுதான். காற்றும் மட்டுப்படும். பல மான்கள் ஒரே இடத்தில் சேர்ந்து மிதித்து மிதித்துத் தடங்கள் உண்டாகும்; அந்தத் தடங்கள் நடக்கும் செலவையும் குறைக்கும், ஓநாய் வந்தால் ஓடவும் உதவும். சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோரத்தில் ஆண்டுக்கு 5 மீட்டர்வரை கூடப் பனியைக் கொட்டும் இடங்கள் உண்டு. அங்கிருந்து மான்கள் பல கிலோமீட்டர் தெற்கே நடந்து பரம்பரை ஒதுங்கிடத்துக்குப் போகின்றன. வழியைக் குட்டி தாயிடமிருந்து கற்கிறது.

சீடருக்கு இன்னொரு சிறப்பு: மறைவும் அதுவே, உணவும் அதுவே. மற்ற கிளைநுனிகளைத் தின்று மான் மெலிந்துகொண்டே போகும். சீடர் இலை போதிய அளவு கிடைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இதன் பலவீனமும் அங்கேதான். மான் எட்டும் உயரம்வரை சீடரின் கீழ்க்கிளைகள் கத்தரித்தது போல மொட்டையாகி, ஒரு கோடு தெரியும். கீழே முளைக்கும் கன்று எதுவும் தப்புவதில்லை. பழைய மரங்கள் நிற்கின்றன, அவற்றின் இடத்துக்கு வர இளமரம் இல்லை. சீடர் மெதுவாக வளரும். ஒருமுறை வெட்டிவிட்டால் திரும்ப மறைவாக ஆக மனித ஆயுள் போதாது. மெய்ன் மாநிலத்தின் வடக்கே 1970, 80களில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு ஃபிர் மரங்களைத் தாக்கியது. புழு தின்றதுபோக மிஞ்சியதை மரக் கம்பெனிகள் அவசரமாக வெட்டின. மான் ஒதுங்கிடங்கள் சுருங்கின. அந்தக் காடுகளில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் சட்டத்தால் மட்டும் காப்பது கடினம். ஒதுங்கிடங்களை விலைக்கே வாங்க, பெண்மான் வேட்டை அனுமதிக் கட்டணத்தை இப்போது அந்த மாநிலம் பயன்படுத்துகிறது. இந்த அலசலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான்.

இடையில் ஒரு வழியும் உண்டு: குளிர்கால மரவெட்டு. ஒதுங்கிடத்தை ஒட்டிய இலையுதிர் மரங்களை ஜனவரி, பிப்ரவரியில் சாய்த்தால், உச்சியில் இருந்த நுனிகளும் மரப்பாசிகளும் மானின் வாய்க்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். ரம்பச் சத்தம் கேட்டால் மான்கள் ஓடுவதற்குப் பதில் வருவதை மரவெட்டுத் தொழிலாளர்கள் எல்லோரும் சொல்வார்கள். பழகிய உணவு, பல இடங்களில் சிதறிக் கிடக்கும், அடுத்த கோடைக்குள் துளிரும் வரும். தீவனத்துக்குச் செலவிடத் துடிப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வேட்டைக் கணக்கு

2014 இலையுதிர்காலத்தில் விஸ்கான்சினின் வடக்கு மாவட்டங்கள் பலவற்றில் பெண்மான் வேட்டைக்கான ஒதுக்கீடு பூஜ்யமாக்கப்பட்டது. செலவே இல்லாத, உடனே நடைமுறைக்கு வரும் வழி. பெண்மான் எண்ணிக்கைதான் மந்தை எவ்வளவு வேகமாக மீளும் என்பதைத் தீர்மானிக்கும் என்பதால் பலனும் தெரியும். ஆனால் இது செத்ததை ஈடுகட்டுவதற்கு. சாவைத் தடுப்பதற்கு அல்ல. அதே கருவியை எதிர்த்திசையில் பயன்படுத்த மனம் வருவதில்லை என்பதுதான் குறை. இரண்டு மூன்று மென்மையான குளிர்காலம் வந்து மான் பெருகும்போது ஒதுக்கீட்டைக் கூட்டினால் வேட்டைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். கூட்டாவிட்டால் சீடர் கன்றுகள் போகும், அடுத்த கொடும்பனியில் தாங்க முடியாத எண்ணிக்கை ஒதுங்கிடத்துக்குள் நெரியும்.

ஓநாய்களைச் சுடுங்கள் என்ற குரலுக்கும் ஒரு வரி. பனி மேலே ஓடு கட்டும்போது ஓநாய் அதன்மேல் ஓடும், மானின் குளம்பு உடைத்துக்கொண்டு புதையும். அப்போது இரை கூடுவது உண்மை. ஆனால் அங்கேயும் மானைச் சிக்க வைப்பது பனிதான்.

எந்த ஆண்டுக்கு எந்த வழி

சுப்பீரியர் ஏரிக்கரையில் மின்னசோட்டாவின் டுலூத் நகரில் 2022-23-இல் வரலாற்றிலேயே அதிகமாக 140 அங்குலப் பனி பெய்தது. அடுத்த குளிர்காலமே மின்னசோட்டாவின் பதிவுகளில் மிக வெப்பமானது. இப்படி ஊசலாடும்போது அவசர வழிகள் எப்போதும் தாமதமாகவே வரும். பிப்ரவரியில் புள்ளி ஏறிய பிறகு தொடங்கும் தீவனம் அதற்கு உதாரணம். மரம் எந்த ஆண்டிலும் தயாராக நிற்கும். மென்மையான ஆண்டுகளில் பெண்மான் ஒதுக்கீட்டை உயர்த்துவது, கொடிய ஆண்டுக்கு அடுத்து நிறுத்துவது, இரண்டு காலத்திலும் ஒதுங்கிடத்தில் ரம்பம் படாமல் பார்ப்பது என்பதே என் வரிசை. நோய் எட்டாத இடத்தில், டிசம்பரிலேயே தொடங்கி மே வரை நிறுத்தாமல் உருண்டைத் தீவனம் பரவலாகத் தர முடிந்தால் மட்டும் நாலாவதாக அதைச் சேர்த்துக்கொள்வேன்.

வடக்கே நாற்பது ஏக்கர் காடு வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான்: மக்காச்சோளத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் கம்பி வலை வாங்குங்கள். ஒளி விழும் இடமாகப் பார்த்துச் சீடர் கன்றுகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வலை கட்டுங்கள். உச்சிநுனி மானின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை அதை அவிழ்க்காதீர்கள்.