"ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி விஜிஏ" என்று மட்டும் சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

மாசி 18ஆம் திகதி யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் தங்கச்சிக்கு டெஸ்க்டொப் ஒன்று செய்வித்தோம். 1,45,000 ரூபாய். அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முதலில் முடியட்டும். ஆனால் என்ன செய்தார்கள் என்பதை முழுக்க எழுதுகிறேன். ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் தேடுகிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

தங்கச்சி டிராஃப்டிங் படிக்கிறாள். ஆட்டோகேட், ஸ்கெச்சப் என்ற வரைபட மென்பொருட்கள் ஓடவேண்டும், ஒன்றரை லட்சத்துக்குள் வேண்டும் என்று கேட்டோம். "தம்பி, ஐ7 போட்டுத் தாறன். 16 ஜிபி ராம், 4 ஜிபி விஜிஏ. கொழும்பிலகூட இந்த விலைக்கு எடுக்கேலாது" என்றார் கடைக்காரர். ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் புரொசசர், கொம்பியூட்டரின் மூளை. விஜிஏ என்று கடைகளில் சொல்வது திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டை. எந்த ஐ7 என்று நான் கேட்கவில்லை. அதுதான் நான் விட்ட முதல் பிழை.

அது ஐ7-2600. 2011ஆம் ஆண்டு வந்த புரொசசர். கொரோலா என்று சொன்னால் எந்த வருட மொடல் என்று கேட்காமல் யாராவது வாங்குவோமா? இதுவும் அப்படித்தான். பெயரில் இருக்கிற சிறு கோட்டுக்கு (-) பின்னால் நாலு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த ஐ3-12100 இலும் அதே 4 கோர் (வேலை செய்கிற பகுதி), 8 திரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), ஆனால் வேகத்தில் எங்கள் "ஐ7" அதற்குக் கிட்டவும் வராது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஆதரிக்கிறது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. ஆக, எங்களுக்கு விற்ற அன்றே அந்த மெஷினின் காலம் முடிந்திருந்தது.

இதையாவது பழைய சாமான் என்று பொறுத்துக்கொள்ளலாம். விஜிஏ கார்ட் விஷயம் வேறு. அது கலப்படமில்லாத மோசடி.

என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட், 4 ஜிபி என்று சொல்லித்தான் தந்தார்கள். விண்டோஸில் பார்த்தாலும் அந்தப் பெயர்தான் காட்டியது. கார்டின் பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் (பழைய மொனிட்டரின் வயரைச் செருகுகிற இடம்) ஒன்றும் இருந்தது. வீட்டில் பழைய மொனிட்டர், புது வயர் வாங்கத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டோம். கொண்டுவரும்போது கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்: "விண்டோஸ அப்டேட் பண்ணாதேங்கோ, டிரைவர் குழம்பிடும்." அக்கறையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது கிழமை அப்டேட் தானாகவே ஏறிவிட்டது. திரை கறுத்துப் போனது. திரும்ப விண்டோஸ் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், ஸ்கெச்சப்பில் கொஞ்சம் பெரிய மொடலைத் திறந்தால் நீலத் திரை. நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய இரவில் தங்கச்சி அழுதுகொண்டு இருந்தாள்.

கொக்குவிலில் கொம்பியூட்டர் திருத்துகிற மச்சான் ஒருவர் வந்து ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டார். அது கார்டின் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று போட்டுக் காட்டியது. உள்ளே இருந்தது 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 இன் சிப். உண்மையான 1050 டிஐ இல் படத்தைக் கணக்கிடுகிற ஷேடர்கள் 768, இதில் 192. பழைய கார்டின் பயோஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிற மென்பொருளை) மாற்றி எழுதி, புதிய பெயரையும் 4 ஜிபியையும் சொல்ல வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கார்டுகளில் பெரும்பாலும் 1 ஜிபிதான் இருக்குமாம். அதைத் தாண்டி வேலை கொடுத்தால் விழுந்துவிடும். டிரைவரைப் புதிதாக்கினாலும் விழுந்துவிடும். அப்டேட் பண்ணாதேங்கோ என்று சொன்னது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த நீலப் போர்ட். 1050 டிஐ வந்த தலைமுறையிலிருந்தே என்விடியா, இந்த நீலப் போர்ட்டுக்குத் தேவையான பழைய அனலொக் வெளியீட்டைச் சிப்பில் இருந்து எடுத்துவிட்டது. அந்தப் பெயரில் வருகிற கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள். நாங்கள் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமோ அதுதான் சாட்சி.

மச்சான் மற்றதையும் பார்த்தார். புதிது என்று தந்த எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கிற டிஸ்க்) ஏற்கெனவே 11,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, டிஸ்கைப் பரிசோதிக்கிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அப்படியே தெரிந்தது. கேசிங்கோடு வந்த "600 வொட்" பவர் சப்ளையின் லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு 16 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வொட். கார்டுக்கும் புரொசசருக்கும் போவது அந்த வரிசைதான்.

அதே காசுக்கு என்ன எடுத்திருக்கலாம் என்று மச்சானிடம் கேட்டேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி புரொசசர் போட்ட மெஷின் என்றார். 6 கோர், 12 திரெட், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தங்கச்சியின் வேலைக்குத் தனி விஜிஏ கார்டே தேவையில்லை. ராமை 8 ஜிபி இரண்டாகப் போடவேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் ராமைத்தான் பகிர்ந்து பாவிக்கும், இரண்டு துண்டு என்றால் வேகம் கூட. ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: ஜி இல்லாத 5600 இலும், இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் வருகிறவற்றிலும் கிராஃபிக்ஸ் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளில் விலை கேட்டுப் பார்த்தோம், கணக்கு சரியாகத்தான் வந்தது. பணம் மிஞ்சினால் விஜிஏவுக்கு அல்ல, நல்ல பவர் சப்ளைக்குப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரியும்.

சரி, கடைக்குப் போனேன். "நீங்கள் கேட்டதைத்தானே தந்தனாங்கள்" என்றார்கள். பில்லைக் காட்டினேன். பில்லில் இருந்தது ஒரே வரி: "ஐ7 பிசி ஃபுல் செட்." மொடல் இலக்கம் இல்லை, சீரியல் இல்லை, கார்டின் பெயர்கூட இல்லை. அந்த ஒரு வரியை வைத்து என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. தயவுசெய்து ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. காசு கொடுக்கமுதல் கடை மேசையிலேயே மெஷினைப் போட்டு, ஜிபியு-இசட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

மூன்றாம் தடவை போனபோது, கார்டைத் தந்தால் 15,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். எனக்கு எடுத்துவிடலாம் போல இருந்தது. தங்கச்சிதான் மறித்தாள். "அண்ணா, குடுத்தா வேற ஒரு பிள்ளைக்கு விப்பினம்" என்றாள்.

கொடுக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். அவசரத்துக்குப் பேச அவர்களின் 1977 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நான் பில்லின் பிரதி, ஜிபியு-இசட் படம், பவர் சப்ளை லேபிளின் படம் எல்லாம் சேர்த்து அதிகார சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கார்ட் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கிறது. கூப்பிட்டால் கொண்டுபோவேன்.