மண்டபம் பிளஸ் டூவா, மன்னார் உயர்தரமா?

2023-ல் மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் மன்னாரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "பிள்ளையை இங்கே அனுப்பிவிடு, உயர்தரம் படிக்கட்டும்" என்றார். உயர்தரம் என்றால் இலங்கையின் பிளஸ் டூ மாதிரி. 1990-ல் ஒரே படகில் மண்டபம் அகதி முகாமுக்கு வந்த குடும்பம் நாங்கள். அவர் 2010-ல் மன்னார் பேசாலைக்குத் திரும்பினார், நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் மகனை நான் அனுப்பவில்லை. பாதி பயத்தில் எடுத்த முடிவு. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டு பக்கமும் தமிழில் படிக்கலாம், அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, டியூஷன் தொல்லையும் உண்டு. பாடத்தின் ஆழம் என்றால் அங்கேதான். இங்கே தமிழ், ஆங்கிலத்தோடு நான்கு பாடம், மொத்தம் 600 மதிப்பெண். அங்கே முக்கியப் பாடம் மூன்றே. வர்த்தகப் பிரிவு எடுத்த மருமகனின், அதாவது அண்ணன் மகனின், கணக்கீட்டு நோட்டை வாட்ஸ்அப்பில் பார்த்து என் மகன் அசந்துபோனான்.

சரி, ஒரு பாடத்தில் விழுந்தால்? என் மகன் விழுந்தான். 2025 மே 8-ல் ரிசல்ட், கணக்குப் பதிவியலில் ஃபெயில். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கட்டி, ஜூன் கடைசியில் தொடங்கிய துணைத்தேர்வில் எழுதினான். மற்ற ஐந்து பாட மதிப்பெண்ணும் அப்படியே நின்றது. அந்த வருடமே ராமநாதபுரத்தில் பி.காம். சேர்ந்துவிட்டான்.

மருமகனும் அதே பாடத்தில்தான் விழுந்தான்; அங்கே அதற்குக் கணக்கீடு என்று பெயர். 2023-ம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையை அவன் எழுதியதே 2024 ஜனவரியில். முடிவு வந்தது மே 31-ல். பல்கலைக்கழகம் போக மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக, அதாவது பாஸாக வேண்டும். அதனால் பாஸான இரண்டையும் சேர்த்து நவம்பரில் மறுபடி எழுதினான். முடிவு 2025 ஏப்ரலில். பல்கலைக்கழகத்துக்காக இப்படி மொத்தம் மூன்று தடவைதான் எழுதலாம். இடையில் அப்பாவோடு கடலுக்குப் போனான். கையில் காசு பார்த்த பிள்ளையைத் திரும்பப் புத்தகத்தின் முன் உட்கார வைக்க அண்ணி பட்ட பாடு கொஞ்சமில்லை. இங்கே என்றால் கடலுக்குப் பதில் பெயிண்ட் வேலை. முகாமில் ஒரு வருடம் சும்மா இருந்த பையன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கப் போய் நான் பார்த்ததில்லை.

டாக்டராக நினைக்கும் பிள்ளைக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. அங்கே நீட் கிடையாது, உயர்தர மதிப்பெண்ணைப் பாடங்களுக்கிடையே சமன்செய்து தரும் இசட் புள்ளிதான் கணக்கு. மருத்துவம் போன்ற படிப்புகளில் 40 சதவீத இடம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசையில், 55 சதவீதம் மாவட்டவாரியாக; மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று இன்னும் 5. பல்கலைக்கழகமும் இலவசம். ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் அறிவியல் எடுத்த பிள்ளை இல்லை, அதனால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

மருமகன் இரண்டாம் தடவையில் மூன்றும் சித்தி. அவனுடைய கணக்கீட்டு நோட்டுகளைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டுதான் என் மகன் முதல் செமஸ்டர் எழுதினான்.