மூளைக்காய்ச்சலுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகள்: எது முதலில், எது எப்போது?

காய்ச்சலோடு வலிப்பும் வந்து நினைவு தடுமாறும் குழந்தையின் மூளையை எந்த வைரஸ் தாக்கியிருக்கிறது என்பது முதல் சில மணி நேரத்தில் தெரியாது. ஆனாலும் ஹெர்ப்பிஸ் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் ஊசியை அப்போதே தொடங்கிவிட வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸாக இருந்து, மருந்தும் தராமல் விட்டால், 10 பேரில் 7 பேர் பிழைப்பதில்லை.

அசைக்ளோவிருக்கு முன் கையில் இருந்தது விடாரபின். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. விடாரபின் பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள். அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28 சதவீதம். அசைக்ளோவிரை விழிக்கச் செய்வது வைரஸின் சொந்த நொதிதான் என்பதால், தொற்றிய செல்களில்தான் அது முழு வேகத்தில் வேலை செய்கிறது. விடாரபினோ எளிதில் கரையாது. அதை உடலில் ஏற்ற நிறைய திரவம் வேண்டும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூளைக்கு அது கூடுதல் ஆபத்து.

ஊசிக்குப் பதில் மாத்திரை போதாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. போதாது. விழுங்கும் அசைக்ளோவிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மூளைக்கு எட்டுவது அதிலும் குறைவு. பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள் சிரைவழியே செலுத்துகிறார்கள். அதன் பிறகுதான் வாய்வழி மருந்துக்கு இடம்: 6 மாதம் தொடர்ந்தால் அக்குழந்தைகளின் மூளை வளர்ச்சி மேம்படுவதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஊசியிலும் கவனம் தேவை. வேகமாகச் செலுத்தினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்கலாம். எனவே ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். உடலில் நீர்ச்சத்து குறையக் கூடாது. தண்டுவட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் முதல் பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் தென்படவில்லை என்பதற்காக மட்டும் மருந்தை நிறுத்துவதும் சரியல்ல. நோயின் தொடக்க நாட்களில் எடுத்த தண்டுவட நீர் ஏமாற்றக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. கான்சைக்ளோவிர், ஹெர்ப்பிஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸுக்கானது. ஃபாஸ்கார்னெட், அசைக்ளோவிருக்கு அடங்காத ஹெர்ப்பிஸுக்கானது, சிறுநீரகத்துக்குக் கடுமையானது. இரண்டும் முதல் தெரிவல்ல.

கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. இன்டர்ஃபெரானை வியட்நாமிலும் ரிபாவிரினை இந்தியாவிலும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டும் கைகொடுக்கவில்லை. வலிப்பை அடக்குவது, மூச்சைக் காப்பது, மூளை வீக்கத்தைக் கவனிப்பது, இவைதான் அங்கே சிகிச்சை. அந்த நோய் வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது.