ஆன்மிக அடுக்கில் ஒரு நையாண்டி
புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்தப் பழைய புத்தகக் கடையில் விலை நியாயம்தான். வகை பிரிப்பதில்தான் கோளாறு. பரிணாமக் கொள்கையோடு, உயிர்களை ஏதோ ஓர் அறிவே திட்டமிட்டு உருவாக்கியது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வாதத்துக்கும் பள்ளிப் பாடத்தில் இடம் கொடுக்க முற்பட்ட கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்கு, அப்படியானால் பறக்கும் ஸ்பகெட்டி அரக்கனே உலகைப் படைத்தான் என்பதையும் கற்பிக்க வேண்டுமென்று 2005இல் பாபி ஹெண்டர்சன் எழுதி இணையத்தில் வெளியிட்ட கேலிக் கடிதத்திலிருந்து வளர்ந்த நூல், இங்கே பைபிள் விளக்கவுரைகளுக்கும் வள்ளலார் நூல்களுக்கும் நடுவே நின்றது.

“அமெரிக்காவில் புது மதம், சார்” என்றார் கடைக்காரர். நூலில் உள்ள, கடற்கொள்ளையர் குறையக் குறையப் புவி சூடாகிறது என்னும் கேலி வரைபடத்தைக் காட்டியும் அவர் சிரிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை: அதே படத்தை வாட்ஸ்அப்பில் கண்டு, இப்படியும் நம்புகிறார்களே என்று நானும் ஒருமுறை பொருமியிருக்கிறேன். நூறு ரூபாய்க்கு வாங்கினேன். பின்னட்டையிலிருந்த ஈரக்கறையை முன்பே சொல்லியிருக்கலாம்.